புதுச்சேரி கிரிக்கெட்: வாங்கி நடும் நாற்றா, சொந்த நாற்றங்காலா?

2024 ஜனவரி. ரஞ்சிக் கோப்பையில் டெல்லி அணியை, டெல்லி மைதானத்திலேயே 9 விக்கெட் வித்தியாசத்தில் சாய்த்தது புதுச்சேரி. ரஞ்சிக்குள் நுழைந்து ஆறு வருடம்கூட முடியாத அணி, 7 முறை சாம்பியன் பட்டம் வென்ற அணியைத் தோற்கடித்தது. தோல்விக்குப் பிறகு டெல்லி கேப்டனையே மாற்றினார்கள். அந்த அளவுக்குப் பெரிய அதிர்ச்சி.

அந்தப் போட்டியில் 10 விக்கெட் எடுத்து டெல்லியை உடைத்தவர் வேகப்பந்து வீச்சாளர் கௌரவ் யாதவ். அவர் மத்தியப் பிரதேசத்துக்காரர். 2022-ல் ரஞ்சிக் கோப்பையை வென்ற மத்தியப் பிரதேச அணியில் ஆடியவர். விதிப்படி ஓர் அணி வெளிமாநில வீரர்களைச் சேர்க்கலாம் என்பதால் புதுச்சேரிக்கு வந்தவர். அதில் எந்தத் தப்பும் இல்லை.

ஆனால், கொண்டாட்டம் முடிந்ததும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவே, கரிக்கலாம்பாக்கத்தில் அறுவடை முடிந்த வயலில் ஸ்டம்ப் நட்டு ஆடும் பையன் இந்த அணிக்குள் வர வழி இருக்கிறதா? வெளியிலிருந்து ஆள் எடுத்து ஜெயிக்கும் அணிக்கும், உள்ளூரில் ஆள் வளர்த்து ஜெயிக்கும் அணிக்கும் என்ன வித்தியாசம்? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

புதுச்சேரி அணி எப்போது வந்தது?

2018-19 சீசனில் பிசிசிஐ ஒரே நேரத்தில் 9 புதிய அணிகளை ரஞ்சிக் கோப்பையில் சேர்த்தது. பீகார், உத்தராகண்ட், வடகிழக்கின் 6 மாநிலங்கள், கூடவே புதுச்சேரி. அதற்கு முன் புதுச்சேரிப் பையனுக்குத் தன் ஊர்ப் பெயரில் ரஞ்சி ஆட வாய்ப்பே கிடையாது.

கதவு திறந்த வேகத்திலேயே சிக்கலும் வந்தது. 2018 செப்டம்பரில், விஜய் ஹசாரே கோப்பை தொடங்கிய நேரத்தில், புதுச்சேரிக்காகப் பதிவு செய்யப்பட்டிருந்த 8 வீரர்களின் பதிவை பிசிசிஐ ரத்து செய்தது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு உள்ளூர் தகுதி எப்படிக் கிடைத்தது என்ற புகார்தான் காரணம். அவசர அவசரமாக அணியை மாற்றி அமைக்க வேண்டியிருந்தது.

அதே சீசனில் பங்கஜ் சிங், அபிஷேக் நாயர், பராஸ் டோக்ரா போன்ற அனுபவசாலிகளும் புதுச்சேரிக்காக ஆடினார்கள். அடுத்த சீசனில் கர்நாடகத்தின் வினய் குமார் வந்தார். புது அணி, அனுபவம் இல்லை, உடனே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற நிலையில் இது புரிந்துகொள்ளக்கூடிய முடிவுதான்.

விதி என்ன சொல்கிறது?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். ஓர் அணியில் இரண்டு வகை வீரர்கள் இருக்கலாம்.

முதல் வகை, விருந்தினர் வீரர். வேறு மாநிலத்தில் ஆடியவர், ஒப்பந்தம் போட்டு வருபவர். ஓர் அணிக்கு அதிகபட்சம் 3 பேர்.

இரண்டாவது வகை, உள்ளூர் வீரர். அந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் குறைந்தது ஓராண்டாவது அங்கே வசித்திருக்கவோ, படித்திருக்கவோ, வேலை பார்த்திருக்கவோ வேண்டும். இதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது.

அதாவது முன்வாசலில் மூன்று பேர்தான் வரலாம். ஆனால், ஆவணங்கள் சரியாக இருந்தால் பக்கவாசலில் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரலாம்.

2025 டிசம்பரில் 'தி இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழ் புதுச்சேரி கிரிக்கெட் பற்றி ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. முகவரிச் சான்று, கல்லூரிச் சேர்க்கை, வேலைச் சான்று ஆகியவற்றைக் காட்டி வெளிமாநிலத்தவர் 'உள்ளூர்' வீரர்களாக மாற்றப்படுகிறார்கள், இதற்குப் பணம் கைமாறுகிறது என்பது அதன் குற்றச்சாட்டு. 2021-க்குப் பிறகு ரஞ்சியில் புதுச்சேரிக்காக ஆடியவர்களில், புதுச்சேரியில் பிறந்தவர்கள் வெறும் 5 பேர் என்றும் அந்தச் செய்தி கணக்குக் காட்டியது. குற்றச்சாட்டுகளை விசாரித்து உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால், அந்த 5 என்ற எண் யாரையும் யோசிக்க வைக்கும்.

அப்போ பிறந்த ஊர்தான் அளவுகோலா?

இல்லை. புதுச்சேரியைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். இங்கே எல்லை என்பது நேர்கோடு இல்லை. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களும் புதுச்சேரியும் பின்னிக் கிடக்கின்றன. பஸ்ஸில் போகும்போது ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடியும் புதுச்சேரி.

பிரசவத்துக்கு ஜிப்மருக்கு வரும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் ஏராளம். அந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் புதுச்சேரி என்றுதான் இருக்கும். வளர்வது பண்ருட்டியிலோ திண்டிவனத்திலோ இருக்கலாம். மறுபக்கம், ஐந்து வயதில் பெற்றோருடன் இங்கே குடிவந்து, வில்லியனூர் அரசுப் பள்ளியில் படித்து, இங்கேயே பந்து பிடிக்கக் கற்றுக்கொண்ட பையனின் சான்றிதழில் வேறு ஊர் இருக்கும். இவர்களில் யார் உள்ளூர் வீரர்?

பந்து பிடிக்கக் கற்ற இடம்தான் சரியான அளவுகோல். 'மண்ணின் மைந்தன்' என்ற உணர்ச்சிக்கு இங்கே வேலை இல்லை. இந்த ஊரின் மைதானமும் பயிற்சியாளரும் லீக்கும் சேர்ந்து அவனை வளர்த்தனவா என்பதுதான் கேள்வி.

பாகூர் பக்கத்து விவசாயியிடம் கேட்டால் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார். அவசரத்துக்குப் பக்கத்து ஊரில் நாற்று வாங்கி நடலாம், தப்பில்லை. ஆனால், ஒவ்வொரு போகத்துக்கும் வாங்கித்தான் நடுவேன் என்றால் உங்களிடம் நாற்றங்காலே இல்லை என்று அர்த்தம்.

பேஸ்பால் கற்றுக்கொடுத்த பாடம்

இந்த நாற்றங்கால் யோசனையை விளையாட்டில் முறையாகச் செய்து காட்டியது அமெரிக்க பேஸ்பால். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்ற அணியிடம் பணம் இல்லை. நல்ல வீரரைக் கண்டுபிடித்தால், நியூயார்க் போன்ற பணக்கார அணிகள் அதிக விலை கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

கார்டினல்ஸை நிர்வகித்த ப்ராஞ்ச் ரிக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். வளர்ந்த வீரரை வாங்க முடியாவிட்டால், வளரும் இடத்தையே வாங்கிவிடலாம். சின்ன ஊர்களில் இருந்த சிறிய அணிகளை ஒவ்வொன்றாக வாங்கினார். பதின்ம வயதுப் பையன்கள் கீழ்மட்ட அணியில் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் முதன்மை அணிக்கு வருவார்கள். இதற்கு 'பண்ணை முறை' என்றே பெயர் வந்தது. 1926-ல் கார்டினல்ஸ் முதல் முறையாக உலகத் தொடரை வென்றது. 1940 வாக்கில் அவர்களுக்கு 30-க்கும் மேற்பட்ட கிளை அணிகள் இருந்தன. இன்று எல்லாப் பெரிய பேஸ்பால் அணிகளும் செய்வது இதைத்தான்.

சமீபத்திய உதாரணம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். 2011, 2012, 2013 என மூன்று சீசன்களில் மட்டும் 106, 107, 111 என்று மொத்தம் 324 ஆட்டங்களில் தோற்ற அணி. ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். நிர்வாகம் அந்தக் காலத்தில் விலை உயர்ந்த வீரர்களை வாங்காமல், இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது. 2017-ல் சாம்பியன். அந்த அணியின் நட்சத்திரம் ஹோசே அல்டூவே பிறந்தது வெனிசுவேலாவில். உயரம் போதாது என்று தேர்விலிருந்து முதல் நாள் திருப்பி அனுப்பப்பட்டு, மறுநாளும் வந்து நின்ற பையன். 16 வயதில் ஒப்பந்தம் போட்டு ஆஸ்ட்ரோஸ் அவரை வளர்த்தது. பிறந்தது வேறு நாடு என்றாலும், அவர் ஹூஸ்டன் வளர்த்த வீரர்தான்.

அதே அணி, 2017 ஆகஸ்ட்டில் ஜஸ்டின் வெர்லாண்டர் என்ற மூத்த பந்துவீச்சாளரை வெளியிலிருந்து கொண்டுவந்தது. முதலில் அணியை வளர்த்தார்கள், கடைசியில் குறைந்த ஓரிடத்துக்கு ஆள் வாங்கினார்கள். வரிசை முக்கியம்.

அந்தச் சீசனில் எதிரணியின் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் படித்தது பின்னால் அம்பலமானது தனிக் கதை. அதற்கான தண்டனையில், புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முக்கிய வாய்ப்புகளும் பறிக்கப்பட்டன. எந்த இடத்தில் அடித்தால் ஓர் அணிக்கு அதிகம் வலிக்கும் என்று அந்த விளையாட்டை நடத்துபவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்ம ஊர்ல இது நடக்குமா?

நடந்திருக்கிறது. விதர்பாவைப் பாருங்கள். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த அணி 1957-58 முதல் ரஞ்சி ஆடுகிறது. பல பத்தாண்டுகள் யாரும் கண்டுகொள்ளாத அணி. பிறகு தங்கிப் பயிலும் கிரிக்கெட் அகாடமி தொடங்கி, இளம் வயதுப் பிரிவுகளிலிருந்தே வீரர்களைத் தயார் செய்தார்கள்.

2017-18 சீசனில் விதர்பா முதல் முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. அந்த அணியிலும் வெளியூர்க்காரர்கள் இருந்தார்கள். மும்பையின் வாசிம் ஜாஃபர், கர்நாடகத்தின் கணேஷ் சதீஷ். பயிற்சியாளர் சந்திரகாந்த் பண்டிட்டும் மும்பைக்காரர். ஆனால், கேப்டன் ஃபைஸ் ஃபசல் நாக்பூர்க்காரர். அந்தச் சீசனில் 912 ரன் எடுத்தார். இறுதிப் போட்டியில் டெல்லிக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்த ரஜனீஷ் குர்பானி, இன்ஜினீயரிங் படித்த விதர்பா இளைஞர். ரஞ்சி இறுதிப் போட்டியில் அதற்கு முன் ஹாட்ரிக் எடுத்தவர் ஒரே ஒருவர்தான். 1972-73-ல் சேப்பாக்கத்தில் பம்பாய்க்கு எதிராக நம்ம தமிழ்நாட்டின் கல்யாணசுந்தரம்.

அடுத்த ஆண்டும் விதர்பாதான் சாம்பியன். 2024-25-ல் மூன்றாவது முறை. அந்தச் சீசனில் கருண் நாயர் வெளியிலிருந்து வந்து 863 ரன் குவித்தார். அதே அணியில் உள்ளூர் வார்ப்பான யாஷ் ராத்தோட் 960 ரன் எடுத்தார். 22 வயது சுழற்பந்து வீச்சாளர் ஹர்ஷ் துபே 69 விக்கெட் எடுத்து, ஒரு ரஞ்சி சீசனில் அதிக விக்கெட் என்ற சாதனையைத் தன் பெயருக்கு மாற்றினார். இறுதிப் போட்டியில் 153 ரன் அடித்த டேனிஷ் மாலேவாருக்கு வயது 21.

கவனியுங்கள். விருந்தினர் வந்ததால் உள்ளூர்ப் பையனின் இடம் போகவில்லை. ஜாஃபர் மாதிரி ஆள் எதிர்முனையில் நின்றதால், உள்ளூர்ப் பையன் இன்னும் நன்றாக ஆடக் கற்றுக்கொண்டான்.

கீழே விழுந்தால் தாங்க ஒரு படி

தமிழ்நாட்டு உதாரணம் நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. 20 வயது வரை டென்னிஸ் பந்து கிரிக்கெட்தான். 2010-11-ல் சென்னை லீக்கின் நான்காவது டிவிஷனில் லெதர் பந்தைக் கையில் எடுத்தார். 2015-ல் ரஞ்சி அறிமுகம். உடனே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார். பலரின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவருக்கு முடியவில்லை. காரணம், திறமை மட்டும் இல்லை. திரும்பிப்போய் ஆட ஒரு கிளப் இருந்தது, தவறைத் திருத்த பயிற்சியாளர்கள் இருந்தார்கள், மறுபடியும் நிரூபிக்க ஒரு லீக் இருந்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். 2023-ல் சொந்த ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்தார்.

அணியை வளர்ப்பது என்றால் ஏறுவதற்கு மட்டும் படி கட்டினால் போதாது. தடுக்கி விழுகிறவன் நிற்கவும் ஒரு படி வேண்டும்.

கரிக்கலாம்பாக்கத்துப் பையனுக்கு என்ன நஷ்டம்?

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 14 வயசு, நல்ல வேகம், டென்னிஸ் பந்தில் பொங்கல் டோர்னமென்ட் எல்லாம் கலக்குகிறான். 'அண்ணா, செலக்‌ஷன் எப்போ?' என்று ஊரில் மூத்தவர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

புதுச்சேரி கிரிக்கெட் சங்கத்தின் மைதானம் துத்திப்பட்டில், சேதராப்பட்டு பக்கம். இவன் ஊரோ தெற்கே. ஸ்கூல் முடிந்து, பஸ் மாறிப் போய், பயிற்சி முடித்து வீடு திரும்பினால் இரவாகிவிடும். பேட், பேடு, ஷூ செலவு தனி. இத்தனையும் தாண்டி அவன் 16 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர் தேர்வுக்குப் போகிறான். அங்கே அவன் இடத்தில், வேறு ஊரில் பத்து வருடம் பயிற்சி எடுத்து, போன வருடம் முகவரி மாற்றிய ஒருவன் நின்றால்?

இதில் போவது வெறும் ஆசை மட்டும் இல்லை. 2021 முதல் பிசிசிஐ தரும் சம்பளத்தைப் பாருங்கள். 19 வயதுக்குட்பட்ட ஆண்கள் போட்டிக்கு நாளொன்றுக்கு 20,000 ரூபாய். 23 வயதுக்குட்பட்டோருக்கு 25,000 ரூபாய். ரஞ்சியில் 20 போட்டிக்குள் ஆடிய புது வீரருக்கே நாளுக்கு 40,000 ரூபாய். நான்கு நாள் போட்டிக்கு 1.6 லட்சம். ஒரு சீசனின் 7 லீக் போட்டிகளிலும் களமிறங்கினால் 11.2 லட்சம் ரூபாய். கூலி வேலைக்குப் போகும் அப்பா, அம்மாவின் வீட்டில் இது ஒரு தலைமுறையையே மாற்றும் பணம்.

இன்னொன்று, வயது. கம்பெனி வேலை இந்த வருடம் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வருடம் முயற்சி செய்யலாம். 16 வயதுக்குட்பட்டோர் அணியில் இடம் போனால் போனதுதான். அடுத்த வருடம் அவனுக்கு 17.

'சின்ன ஊர், ஆள் எங்கே இருக்கு?'

வழக்கமாக வரும் பதில் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரியின் மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம். தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் சின்னதுதான். ஆனால், 2016 யூரோ கால்பந்தில் இங்கிலாந்தை வீழ்த்திய ஐஸ்லாந்தின் மக்கள்தொகை 4 லட்சம்கூட இல்லை. அவர்கள் செய்தது இரண்டே வேலை. குளிர்காலத்திலும் ஆட உள்ளரங்க மைதானங்கள் கட்டினார்கள். சிறு பிள்ளைகளுக்கும் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்களைக் கொடுத்தார்கள்.

உள்ளூர்ப் பையன்களை இறக்கினால் தோற்போமே என்ற பயமும் நியாயமானதுதான். தோற்கத்தான் செய்வோம், சில சீசன்கள். ஆஸ்ட்ரோஸ் 324 தடவை தோற்றது ஞாபகம் இருக்கட்டும். ஆனால், வளரும் அணி தோற்பதற்கும், ஒவ்வொரு வருடமும் ஆள் மாறும் அணி தோற்பதற்கும் வித்தியாசம் உண்டு. முதல் அணிக்கு அந்தத் தோல்வி முதலீடு. இரண்டாவது அணிக்கு அது வெறும் செலவு.

சரி, என்ன செய்யலாம்?

* புதுச்சேரிப் பகுதியில் 5, காரைக்காலில் 5 என மொத்தம் 10 கொம்யூன் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மேட் பிட்ச், ஒரு நிரந்தரப் பயிற்சியாளர். பிரம்மாண்ட ஸ்டேடியம் தேவையில்லை. பையன் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருந்தால் போதும்.

* பள்ளி, கிராம அளவில் லெதர் பந்து லீக். ஒருநாள் தேர்வு முகாமில் யாரையும் எடைபோட முடியாது. வருடத்துக்கு 20 ஆட்டம் ஆடினால்தான் யார் என்ன என்று தெரியும்.

* விருந்தினர் வீரர்கள் சீனியர் அணியில் இருக்கட்டும். வயதுப் பிரிவு அணிகளில், இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு முதலிடம்.

* தேர்வான ஒவ்வொருவரும் எத்தனை வருடமாக இங்கே ஆடுகிறார், எந்தக் கிளப்பில் ஆடினார் என்ற விவரத்தைச் சங்கம் இணையதளத்தில் போடலாம். சந்தேகங்களில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

* புதுச்சேரி பிரீமியர் லீக்கில் வில்லியனூர் பெயரிலேயே ஓர் அணி இருக்கிறது, வில்லியனூர் மோஹித் கிங்ஸ். ஊர்ப் பெயர் வைத்த அணிகளில், அந்தந்தப் பகுதியில் வளர்ந்த சிலராவது ஆடும் லெவனில் கட்டாயம் என்று வைத்தால், அந்தப் பெயருக்கு அர்த்தம் வரும்.

பெற்றோர் கவனத்துக்கு

உங்கள் வீட்டில் 12 முதல் 15 வயதுக்குள் கிரிக்கெட் பைத்தியம் ஒன்று இருந்தால், அகாடமியில் சேர்க்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை லெதர் பந்து போட்டிகள் ஆட வைப்பீர்கள்? இங்கே பயின்றவர்களில் எத்தனை பேர் வயதுப் பிரிவு அணிகளுக்குப் போயிருக்கிறார்கள்? பயிற்சியாளருக்கு முறையான சான்றிதழ் இருக்கிறதா?

'செலக்‌ஷன் நான் பார்த்துக்கிறேன், பணம் மட்டும் ரெடி பண்ணுங்க' என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். வேறு மாநிலத்தில் ஆட வைக்கிறேன் என்று சொன்னாலும் அதேதான். அங்கே உங்கள் பிள்ளை உட்காரப்போவது, அந்த ஊரின் ஏதோ ஒரு கரிக்கலாம்பாக்கத்துப் பையனுடைய இடத்தில்.